அப்பா, போனை எடுங்க!

"இது செத்துப்போகலை மேடம். அடம் பிடிக்குது, அவ்வளவுதான்" என்றார் ஸ்க்ரூ.

செல்போன் ரிப்பேர் கடைக்காரருக்கு அந்தத் தெரு வைத்த பெயர் ஸ்க்ரூ. கடை என்பது ஒரு கண்ணாடி மேஜை, ஒரு மேஜை விளக்கு, சுவர் முழுக்கத் தொங்கும் போன் உறைகள், நடுவில் அவர். மூச்சை நன்றாக இழுத்துவிட்டால் நாலு உறை கீழே விழும். அவர் உள்ளங்கையில் கிடந்தது ஒரு பழைய பட்டன் போன். பின்பக்க மூடி ஓடிப்போகாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றவளைத் தொழில் வட்டாரத்தில் ஊசி என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விண்ணப்பங்களைப் பிடிக்கும் வேலை பார்த்தவள். ஒரு நாள் மேலதிகாரியின் பொய்யையே பிடித்துவிட்டதால் வேலை போயிற்று. தனியாகத் துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். கேள்வி கேட்டால் குத்தும், அதனால் ஊசி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அறை அறையாகத் தேடுவாள். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

பக்கத்தில் அவளுடைய உதவியாளர். அம்மாவின் தம்பி, ஆகவே அவளுக்கு மாமா. மற்றவர்களுக்குக் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். வாய் இன்னும் டியூட்டியில் இருந்தது.

"அடம் பிடிக்குதா? ரெண்டு சாத்து சாத்தினா வழிக்கு வருமா?" என்றார் கண்டக்டர்.

"சாட்சியை அடிக்கக் கூடாது மாமா" என்றாள் ஊசி.

அந்தப் போன் சாட்சிதான். அதைவிடப் பெரிய சாட்சி அந்த வழக்கில் இல்லை.

ஊரின் வெளிப்புறத்தில் ஒரு பொம்மைத் தொழிற்சாலை. அடுத்த மாதம் கடைக்கு வரவிருந்த புதுப் பொம்மையின் தலை அச்சு, கைப்பந்து அளவில் கனமான உலோக அச்சு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிசைன் அறையிலிருந்து காணாமல் போயிருந்தது. திருடனை யாரும் பார்க்கவில்லை. ஆனால் பலகைத் தடுப்புக்கு அடுத்த பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கேஷியர் ஒரு ரிங்டோனைக் கேட்டிருந்தார். ஒரு சின்னப் பெண் குழந்தையின் குரல். "அப்பா, போனை எடுங்க! எடுக்கலேன்னா உங்க டிபன் பாக்ஸ்ல பல்லியைப் போட்டுடுவேன்!"

அப்படியொரு ரிங்டோன் உலகத்தில் ஒருவருக்குத்தான் இருக்க முடியும். பொம்மைகளுக்குக் கண் வரைபவர். அவருடைய மகள்தான் அந்தப் பல்லிப் பேச்சுக்காரி. ரிங்டோன் செய்து கொடுத்த கதை தொழிற்சாலை முழுக்கத் தெரியும். முதலாளியம்மா அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் அச்சு வராவிட்டால் போலீசில் அவர் பெயரைக் கொடுப்பதாக முடிவு.

கண்காரர் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. வாயைத் திறக்கவே இல்லை. நேற்று ஊசியின் அறைக்கு வந்தது அவருடைய மனைவி. போனை மேஜைமேல் வைத்து, "அவர் எடுக்கலைங்க. அது எனக்குத் தெரியும். ஆனா கேட்டா சுவத்தையே பாக்கறாரு. நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அழாமல் எழுந்து போனாள். வேலைக்கு நேரமாகிவிட்டதாம்.

"அன்னைக்கு எத்தனை மணிக்குக் கால் வந்ததுன்னு இதிலயே பாக்கலாமே?" கண்டக்டர் கேட்டார்.

ஸ்க்ரூ போனின் முகத்தைத் திருப்பிக் காட்டினார். "மூடி கழண்டு பேட்டரி நகரும்போதெல்லாம் கடிகாரம் பழையபடி ஆரம்பத்துக்குப் போயிடும் அண்ணே. இதுங்கிட்ட கேட்டா இன்னும் போன நூற்றாண்டுலதான் இருக்கோம்ங்குது."

"குடுத்து வச்ச போன்."

ஊசி தன் போனிலிருந்து அழைத்தாள். பட்டன் போன் ஸ்க்ரூவின் கையில் துள்ளியது.

டிங்... டிடிங்... டிங்.

"பல்லியைக் காணோமே பாஸ்" என்றார் கண்டக்டர்.

"பல்லி உள்ளதான் இருக்கு" என்றார் ஸ்க்ரூ. "மூணு இருக்கு. பாருங்க."

போனுக்குள் மூன்று கோப்புகள் இருந்தன. முதலாவதன் பெயர் 'அப்பா'. இரண்டாவது 'அப்பா கடைசி'. மூன்றாவது 'அப்பா நிஜமாகவே கடைசி'.

"யாரோ பாவம், ரொம்பப் போராடியிருக்காங்க" என்றாள் ஊசி. "ஏன் அடிக்கலை?"

ஸ்க்ரூவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்ததில் இரண்டு உறைகள் விழுந்தன. "புதுப் போன்ல பதிவு பண்ணின குரல் மேடம். கம்ப்யூட்டர்ல போட்டு வேற வகையா மாத்தி இதுக்கு அனுப்பியிருக்காங்க. மாத்தினது சரி. ஆனா இந்தக் கெழவனுக்கு அந்த வகையும் தெரியாது. 'இது என்ன'ன்னு முழிச்சிட்டு ஒதுக்கி வச்சிடுச்சு. சரி, கோப்பு பெருசா இருக்கோன்னு நெனச்சு, ரெண்டாவது தடவை சின்னதா அமுக்கி அனுப்பியிருக்காங்க. தெரியாத பாஷையை மெதுவாப் பேசினா மட்டும் புரிஞ்சிடுமா?"

"மூணாவது?"

"அதுதான் கூத்து. உள்ள அதே குரல். பேருக்குப் பின்னாடி ஒரு வால் இருக்கும்ல, வகையைச் சொல்ற வால்? அதை மட்டும் இந்தப் போனுக்குப் பிடிச்ச வாலா மாத்திட்டாங்க."

"அதாவது, பஸ் பாஸ் இல்லாதவன் 'பாஸ்'னு நெத்தியில எழுதிக்கிட்டு பஸ்ல ஏறின மாதிரி" என்றார் கண்டக்டர்.

"அதே! வாசல்ல விட்டுடுச்சு. பட்டியல்ல சேத்துக்கிச்சு. ரிங்டோனா வைன்னா 'வச்சாச்சு'ங்குது. கால் வந்ததும் உள்ள திறந்து பாக்குது. ஒண்ணும் புரியலை. பேசாம தன்னோட சொந்த டிங் டிங்கை அடிச்சிடுது."

"இதை எப்படியாவது அடிக்க வைக்க முடியுமா?" ஊசி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். மாமாவுக்கு அந்தக் குரல் தெரியும். ஏதோ அகப்பட்டுவிட்டது.

"தலைகீழா நின்னாலும் முடியாது. இதுக்கு வாத்தியம் வாசிக்கத்தான் தெரியும். வாய்ப்பாட்டு வராது. செஞ்சு அனுப்பினப்பவே அப்படித்தான். இந்தப் போன் ஒரு நாளும் மனுஷக் குரல்ல மணி அடிச்சிருக்காது."

ஊசி போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "அப்போ தடுப்புக்கு அந்தப் பக்கம் அடிச்சது இது இல்ல."

"இல்லேன்னா எதுவுமே அடிக்கலை. அந்த கேஷியரம்மா அடிச்சு விட்டிருக்காங்க" என்றார் கண்டக்டர்.

"போய்க் கேட்டுடுவோம். என் கண்ணாடி எங்கே?"

"தலையில. இறங்கற இடம் வந்தா சொல்றேன்."

தொழிற்சாலை வாசலில் அச்சு காணாமல் போன நாளிலிருந்து காவல் கெடுபிடி. வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியையும் பையையும் பிரித்துப் பார்த்தார்கள். அவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, டெலிவரி வேனைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் துணியோடு ஓடி வந்தான். முப்பதைத் தொடாத வயது, படிய வாரிய தலை.

"துப்பறியறவங்கதானே? அக்கா சொன்னாங்க. நான் அவங்க தம்பி. இங்க வேன் ஓட்டறேன்." கண் கலங்கியது. "எங்க அத்தான் தங்கம்ங்க. ஒரு பொம்மையோட காதைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டாரு. ஆனா என்ன பண்றது, அந்த நேரம் பாத்து பாழாப்போன போன் அடிச்சுத் தொலைச்சிருச்சே!"

"மனசைத் தளர விடாதீங்க" என்றாள் ஊசி. உள்ளே நடந்தார்கள்.

கண் வரையும் கூடத்தைத் தாண்டித்தான் கணக்கு அறை. கண்காரர் இல்லாததால் வேலை நின்றிருந்தது. நீள மேஜை மீது வரிசை வரிசையாகத் தலைகள். மூக்கு இருந்தது, சிவந்த உதடு இருந்தது, கண் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. மேஜை ஓரத்தில் அவருடைய தூரிகைகள் ஒரு கண்ணாடி டம்ளரில், கழுவித் துடைத்து, முனை மேலே பார்க்க நின்றன.

கண்டக்டர் நடையை எட்டிப் போட்டார். "கண்ணே இல்லாம அத்தனையும் என்னையே பாக்குது பாஸ்."

கேஷியர் கண்டிப்பான பெண்மணி. சந்தேகப்பட்டால் சுருக்கென்று கோபம் வரும். "நான் பொய் சொல்றேன்கறீங்களா? டிசைனர் தம்பி அந்தக் குழந்தையோட பேச்சைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினப்போ நானும்தான் நின்னு சிரிச்சேன். அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? அவர்மேல எனக்கு என்ன பகை? எனக்கும்தான் கஷ்டமா இருக்கு."

"நீங்க கேட்டதை அப்படியே சொல்லிக் காட்டுங்களேன்" என்றாள் ஊசி.

"அப்படியேன்னா?"

"குரலோட."

கேஷியர் ஒரு நிமிடம் யோசித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எட்டு வயதுக் கீச்சுக்குரலில் ஆரம்பித்தார். "அப்பாஆஆ, போனை எடுங்க! எடுக்கலேன்னா உங்க டிபன் பாக்ஸ்ல பல்லியைப் போட்டுடுவேன்! ஹெஹ் ஹெஹ் ஹெக்!"

கடைசியில் வந்தது குழந்தைச் சத்தமில்லை. கட்டையாக, விக்கலில் மாட்டிக்கொண்ட இருமல் மாதிரி இருந்தது.

"அது என்ன கடைசியில?" ஊசியின் கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"சிரிப்பு. ஒரு ஆம்பளைச் சிரிப்பு. சட்டுனு அந்து போச்சு. கூட இன்னொருத்தனும் உள்ள இருக்கான் போலன்னு நெனச்சேன். முதலாளியம்மாகிட்டயும் சொன்னேன். 'ரெண்டு பேரா? அதையும் கண்டுபிடிப்போம்'னுட்டாங்க."

வெளியே வந்ததும் கண்டக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார். "விடை கிடைச்சாச்சு பாஸ். அந்தக் குரல் யார்கிட்ட இருக்கு? டிசைனர்கிட்ட. அச்சு இருந்தது யார் அறையில? டிசைனர் அறையில. தன் அறையில தானே திருடிட்டு, கண்காரர்மேல பழி வரட்டும்னு தன் போன்ல பல்லியைப் போட்டு அடிச்சிருக்கான். நான் கதவை மறைச்சு நின்னுக்கறேன், நீ குத்து."

டிசைனர் ஒல்லியான இளைஞன். திருட்டு நடந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது கன்னத்தில் தெரிந்தது. கண்டக்டர் கதவை மறைத்து நின்றதைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"உக்காருங்க. 'அப்பா நிஜமாகவே கடைசி', அது உங்க கைவண்ணமா?" என்றாள் ஊசி.

அவன் முகம் வெளுத்தது. "அதை எப்படி... ஆமா மேடம். நான்தான். மூணு தடவை மாத்திப் பாத்தேன். மூணாவதுல வாலை மட்டும் மாத்தி ஏமாத்தப் பாத்தேன். அதுவும் அடிக்கலை."

"அடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இதோ இங்கதான் உக்காந்து சோதிச்சோம். நானும் அவரும். டிங் டிங்னுதான் வந்தது. 'போகட்டும் தம்பி, பாப்பாகிட்ட அடிக்குதுன்னு சொல்லிட்டேன். ரொம்ப ஆசையா இருந்தா. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னாரு. வீட்டுக்குள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடி சத்தத்தை அமுக்கிடுவாராம். கூடத்துல யாருமே போன் சத்தத்தோட வச்சுக்கக் கூடாதுன்னு விதி. அதனால இங்கயும் யாருக்கும் தெரியாம போச்சு."

"திருட்டுன்னு வந்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாமே!" கண்டக்டர் அதட்டினார்.

"முதலாளியம்மாகிட்ட சொன்னேன் சார். 'நீதானே மாத்திக் குடுத்தே, உன் நண்பனைக் காப்பாத்தப் பாக்கறே'ன்னு விரட்டிட்டாங்க. அவரும் 'விடுங்க தம்பி'ன்னுட்டாரு."

கண்டக்டர் ஊசியைப் பார்த்தார். கைது செய்யலாமா என்ற பார்வை. ஊசி இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"இவர் இல்ல மாமா. கதவை விடுங்க."

"ஏன்?"

"ஒருத்தர்மேல பழியைப் போடணும்னா அவர் போன் அடிக்கற மாதிரி அடிக்கணும். இவருக்கு அந்தப் போன் குரல்ல அடிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சே எவனாவது இந்தக் குரலைப் போடுவானா? முதலாளியம்மா ஒரு நிமிஷம் போனை வாங்கிச் சோதிச்சிருந்தா கதை கந்தலாயிருக்குமே. இதைச் செஞ்சது, அது ஜம்முனு அடிக்குதுன்னு நம்பின ஆள்."

கண்டக்டர் கதவை விட்டு நகர்ந்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட வந்த மூலப் பதிவை ஒரு தடவை போடுங்க" என்றாள் ஊசி. டிசைனர் கம்ப்யூட்டரைத் தட்டினான். குழந்தை மிரட்டியது. பல்லியில் முடிந்தது. அதற்குப் பிறகு அமைதி.

"சிரிப்பு எங்கே?"

"என்ன சிரிப்பு?" என்றான் டிசைனர்.

நகரத்தின் மறு கோடியில், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம். கண்காரரின் மனைவிக்கு அங்கே உருளை இயந்திரத்தில் வேலை. ஈர விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் சூடாக, சுருக்கமே இல்லாமல் வரும். அதைப் பிடித்து மடித்து அடுக்க வேண்டும். நிறுத்த முடியாது. நிறுத்தினால் விரிப்பு தீய்ந்துவிடும். எனவே மடித்துக்கொண்டே பேசினாள்.

"அவர் போன்ல அந்தக் குரல் ஒரு நாளும் அடிச்சதில்லம்மா. அதைப் பதிவு பண்ணினது எப்போ?" ஊசி நீராவிக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை. அவர் கடைக்குப் போயிருந்தப்போ. அப்பாவுக்குத் தெரியாம செய்யணும்னு பாப்பா ஒரே குதி." அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பல்லின்னா அவருக்கு உயிர் போயிடும். அதான் பல்லி."

"ஒரே தடவையில சரியா வந்துச்சா?"

"இல்லைங்க. முதல் தடவை கெட்டுப் போச்சு. பாப்பா பல்லின்னு சொன்னதும் என் தம்பி சிரிச்சுட்டான். அவனால அடக்க முடியாது, விக்கல் மாதிரி... 'போ மாமா, கெடுத்துட்டே'ன்னு பாப்பா அவனைக் கிள்ளி வச்சுட்டா. அப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு இன்னொரு தடவை எடுத்தான். அந்த ரெண்டாவதைத்தான் எனக்கு அனுப்பினான், நான் டிசைனர் தம்பிக்கு..."

விரிப்பு ஒன்று உருளையிலிருந்து வெளியே வந்தது. அவள் பிடிக்கவில்லை. அது தரையில் சரிந்து, தன் மேலேயே மடிந்து மடிந்து விழுந்தது. அடுத்ததும் வந்து அதன்மேல் விழுந்தது. பக்கத்து இயந்திரத்துப் பெண் கத்தினாள். ஓடி வந்து இயந்திரத்தை நிறுத்தினாள்.



"அந்த முதல் பதிவு யார்கிட்ட இருக்கு?" என்று ஊசி மெதுவாகக் கேட்டாள். கேட்காமல் விட்டுவிடலாமா என்றிருந்தது. கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"அவன் போன்லதான் எடுத்தோம். என் போன்ல மைக் சரியில்லை." அவள் குனிந்து தரையில் கிடந்த விரிப்பை எடுத்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். "உள்ள யாரோ சிரிச்சாங்கன்னு கேஷியரம்மா சொன்னாங்களாமே, நெஜமா?"

"ஆமா."

"ஹெக்குன்னு?"

"ஆமாம்மா."

அவள் விரிப்பை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். அடுக்கின்மேல் வைத்துக் கையால் அழுத்தித் தடவினாள். "அம்மா போனப்புறம் அவனுக்குத் தலை பின்னிவிடாத குறையா எல்லாம் நான்தான் பண்ணினேன். இவருகிட்ட சொல்லித்தான் அந்த வேன் வேலையும் வாங்கினேன்." பிறகு ஊசியை நேராகப் பார்த்தாள். "நான் சொல்லிட்டேன். இனி நான் சொல்லலைன்னு ஆகப் போறதில்ல. வேன் சாயங்கால லோடுக்குக் கிளம்பிடும். போங்க."

தொழிற்சாலை வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வேன் கிளம்பும் நிலையில் நின்றது. ஊசி வழியிலேயே போனில் பேசியிருந்ததால் முதலாளியம்மா வெளியே வந்திருந்தார். வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்ததால் கண்காரரும் வந்து சுவர் ஓரமாக நின்றார். பூசணி மாதிரி முகமும் மெலிந்த கைகளும் கொண்ட மனிதர். காவலாளிகள் வேனின் பின்புறப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார் காவலாளி.

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி புன்னகைத்தான். "மேடம், ஏதாவது தெரிஞ்சுதா? எங்க அத்தானை விட்டுடுவாங்களா?"

ஊசி பெட்டிகளை எட்டிப் பார்த்தாள். அவள் மனக்கணக்குப்படி அச்சு இந்த வண்டியில் இருந்தாக வேண்டும். ஆனால் பெட்டிகளில் இல்லை. அச்சில்லாமல் சிரிப்பை மட்டும் வைத்து யாரைப் பிடிப்பது? சிரிப்பை அவன் இந்நேரம் அழித்தும் இருப்பான்.

கண்டக்டர் வேனை ஒரு சுற்று சுற்றி வந்து முன் ஜன்னலில் தலையை நுழைத்தார். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரிய துணிக் கரடி, ஒரு காது பிய்ந்து, மார்புக்குக் குறுக்கே பெல்ட் மாட்டிக்கொண்டு, கௌரவமாக உட்கார்ந்திருந்தது.

"சார் எங்க போறாரு?" என்றார் கண்டக்டர்.

"அது டேமேஜ் பீஸ். கடையில திருப்பிட்டாங்க. குப்பையில போடணும்."

"குப்பைக்குப் போறவருக்கு பெல்ட் எதுக்கு தம்பி?"

"சும்மா... உருண்டு விழாம இருக்க."

"நான் எத்தனையோ பேரை ஏத்தி இறக்கியிருக்கேன். டிக்கெட் இல்லாதவன் எப்பவும் இப்படித்தான் நேராப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்." கண்டக்டர் கையை நீட்டிப் பெல்ட்டின் கொக்கியை விடுவித்தார்.

வேன் கத்த ஆரம்பித்தது. பீப், பீப், பீப்.

ஊசி இரண்டே எட்டில் ஜன்னலுக்கு வந்தாள். "பெல்ட் போடாம ஆள் உக்காந்தா இந்த வண்டி கத்தும். வெத்து இருக்கைக்குக் கத்தாது. பஞ்சு பொம்மைக்கும் கத்தாது. கனம் இருந்தாத்தான் கத்தும்." டிரைவரைப் பார்த்தாள். "சத்தம் தாங்காமத்தானே பெல்ட் மாட்டினீங்க?"

டிரைவர் சாவியைத் திருப்பினான். இயந்திரம் உறுமியது. ஆனால் முன்னால் முதலாளியம்மா நின்றார். நகரவில்லை. வண்டிக்கு எதிரில் நிற்கும் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ, காவலாளி அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

கரடியின் முதுகுத் தையல் புது நூலில் இருந்தது. பிரித்ததும், பஞ்சுக்கு நடுவே, கண்ணில்லாத உலோக முகம் ஒன்று வானத்தைப் பார்த்தது.

எதிர்க் கம்பெனிக்காரன் ஒருவன் மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொன்னானாம். வேன் ஓட்டியே கிழவனாகப் போகிறாயா என்று கேட்டானாம். அச்சை எடுக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டதும் பயந்துபோய், தப்பிக்க வழியாகத் தன் போனில் அந்தக் குரலைத் தட்டியிருக்கிறான். அவசரத்தில் கெட்டுப்போன பதிவைத் தட்டிவிட்டான். தன் சிரிப்பைத் தானே கேட்டதும்தான் பாதியில் அமுக்கியிருக்கிறான். இதையெல்லாம் வேன் படிக்கட்டில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போலீசுக்குப் போன் போயிருந்தது.

முதலாளியம்மா கண்காரரிடம் வந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். "நாளைக்கு வந்துடுங்க. நான் விசாரிக்காம பேசிட்டேன். தப்புதான்" என்று நாலு பேர் கேட்கவே சொன்னார். கண்காரர் தலையசைத்தார். அவருக்கு சந்தோஷம் வந்த மாதிரித் தெரியவில்லை.

"ஒரே ஒரு கேள்வி" என்றாள் ஊசி. "உங்க போன் அடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். முதல் நாளே அதை அடிச்சுக் காட்டியிருந்தா வெளியே வந்திருப்பீங்க. ஏன் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்தீங்க?"

அவர் வேன் பக்கம் பார்க்காமல் பேசினார். "என் போன் அடிக்கலைன்னா, அப்போ அடிச்சது யாரோடதுன்னு அடுத்து கேப்பீங்க. கேஷியரம்மா சிரிப்புச் சத்தம்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தச் சிரிப்பை எத்தனை வருஷமா என் வீட்டுக் கூடத்துல கேக்கறேன். அவளுக்குன்னு கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். நான் எப்படிச் சொல்றது?"

கண்டக்டர் மூக்கை உறிஞ்சினார். "ஜெயிலுக்குப் போயிருப்பீங்களேய்யா."

"அதுக்குள்ள அவனே சொல்லிடுவான்னு நெனச்சேன்."

அப்போதுதான் அவருடைய மனைவி வந்தாள். சலவைக்கூடத்து மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. நேராக வேனுக்குப் போய்த் தம்பிக்கு முன்னால் நின்றாள். அவன் நிமிரவில்லை. அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். டிரைவரும் நினைத்திருக்க வேண்டும், தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"சிரிடா" என்றாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அன்னைக்குப் பாப்பா பக்கத்துல உக்காந்து சிரிச்சியே. இப்போ சிரி. பாக்கறேன்."

அவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அவள் திரும்பிவிட்டாள்.

கண்காரர் அவசரமாக எதிரில் போனார். "நான் யார்கிட்டயும் சொல்லலை. சத்தியமா ஒரு வார்த்தை..."

"தெரியும். நான்தான் சொன்னேன்."

முதலாளியம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் கரடியின் முதுகில் பஞ்சைத் திரும்பத் திணிக்க ஆரம்பித்தார். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? ராத்திரியெல்லாம் சுவத்தைப் பாத்துட்டுப் படுத்திருந்தீங்களே, சுவத்துக்குப் பதிலா என்னைப் பாத்துச் சொல்லியிருந்தா என்ன?" என்றாள் மனைவி. குரல் இப்போதுதான் உடைந்தது.

"தப்புதான்."

"பாப்பா ஸ்கூல்லேர்ந்து வந்திருப்பா. மாமா எங்கேன்னு கேப்பா." அவள் மேலங்கியின் ஓரத்தால் முகத்தைத் துடைத்தாள். நடக்க ஆரம்பித்தாள். அவரும் கூடவே நடந்தார். "அவனைப் பத்தி நான் சொல்லிக்கறேன். அது என் பொறுப்பு. ரிங்டோன் ஒரு நாள்கூட அடிக்கலைன்னு நீங்க சொல்லுங்க."

கண்காரர் நடுச் சாலையில் நின்றுவிட்டார்.

"கஷ்டமானதை என் தலையில கட்டறியே" என்றார்.